நிரல் விழும் இடம் ஒன்று, பிழை இருக்கும் இடம் வேறு: சி++ லைப்ரரியின் அசர்ஷன்களை வைத்துப் பிழை பிடிப்பது

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு பெங்களூரு மடிவாளாவில் நின்றவர்களுக்கு அந்தக் கூட்டம் தெரியும். சேலம், ஈரோடு, மதுரை, நாகர்கோவில் என்று ஊருக்குக் கிளம்புகிறவர்கள் பையும் தலையணையுமாக நடைபாதை முழுக்க நிற்பார்கள். அந்த பஸ்களில் சிலவற்றுக்கு இருக்கைப் பட்டியல் போடும் நிரலை நான் மூன்று ஆண்டு பார்த்துக்கொண்டேன். சி++ இல் எழுதியது. திங்கள் முதல் வியாழன் வரை ஒரு குறையும் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை, அதுவும் பட்டியல் அச்சாக வேண்டிய நேரத்தில், விழும்.

விழுந்த இடத்தைப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் அச்சடிக்கும் பகுதியைக் காட்டியது. அதனால் அந்தப் பகுதியை இரண்டு வாரம் திருப்பித் திருப்பி எழுதினோம். பிழை அங்கே இல்லவே இல்லை. வேறொரு கோப்பில், ஒரே ஒரு '=' குறியில் இருந்தது. ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் சோதனைகளை அப்போதே திறந்து வைத்திருந்தால் முதல் நாள் மாலையே அது எங்கள் முகத்துக்கு நேரே வந்து நின்றிருக்கும்.

சி++ இல் பட்டியல் வைக்கப் பயன்படும் வெக்டரின் [ ] குறி எல்லையைப் பார்ப்பதில்லை. பத்து பேர் உள்ள பட்டியலில் பதினோராவது ஆளைக் கேட்டால் பக்கத்து நினைவகத்தில் என்ன கிடக்கிறதோ அதை எடுத்துத் தரும். இதைத்தான் வரையறுக்கப்படாத நடத்தை என்கிறோம். அந்தப் பக்கத்து நினைவகத்தில் எழுதிவிட்டால் சேதம் அப்போது தெரியாது. அரை மணி கழித்து வேறு யாரோ அந்த இடத்தைத் தொடும்போது நிரல் விழும். லைப்ரரியை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. தவறாகப் பயன்படுத்தினால் அந்த இடத்திலேயே நிறுத்தும் அசர்ஷன்களை உள்ளே எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். வேகம் கருதி அவை மூடிக் கிடக்கின்றன, அவ்வளவுதான்.

முதலில் திறக்க வேண்டியது

லினக்ஸில் ஜிசிசி கம்பைலரை வைத்து கம்பைல் செய்கிறவர்களுக்கு, அதோடு வரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரியான லிப்எஸ்டிடிசி++ இல் இரண்டு நிலைச் சோதனை உண்டு. முதலாவதை இங்கே லேசான சோதனை என்று சொல்கிறேன். அதைத் திறக்க கம்பைலருக்குக் கொடுக்கும் குறிச்சொல்லுக்கு மேக்ரோ என்று பெயர். இந்த மேக்ரோவின் பெயர் அடிக்கோட்டில் தொடங்கி, ஜிஎல்ஐபிசிஎக்ஸ்எக்ஸ், மறுபடி அடிக்கோடு, பிறகு அசர்ஷன்ஸ். எல்லாம் பெரிய எழுத்தில். கம்பைல் கட்டளையில் மைனஸ் டி போட்டு இதைக் கொடுத்தால் போதும். வெக்டர் எல்லை, காலிப் பட்டியலில் பேக் அழைப்பது, வெற்று யூனிக் பாயின்டரைத் திறப்பது, மதிப்பே இல்லாத ஆப்ஷனலைத் திறப்பது போன்ற, ஒரே ஒப்பீட்டில் முடிகிற சோதனைகள் இதில் இருக்கின்றன. வெக்டர், மேப் போன்ற கன்டெய்னர்களின் அளவையோ அமைப்பையோ இது மாற்றாது. அதனால் எந்தக் கோப்பில் போட்டாலும் மற்ற கோப்புகளோடு ஒத்துப்போகும்.

இரண்டாவது முழுச் சோதனை. அதே பெயர்தான், கடைசிச் சொல் மட்டும் டீபக். இது வெக்டரையும் மேப்பையும் வேறு வகை வெக்டராகவும் மேப்பாகவும் மாற்றிவிடும். இட்டரேட்டர் என்பது கன்டெய்னருக்குள் ஓர் இடத்தைச் சுட்டுவது; ஒவ்வொரு இட்டரேட்டரும் எந்தக் கன்டெய்னரைச் சேர்ந்தது, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று கணக்கு வைக்கும். கனமானது. ஆனால் அது பிடிக்கும் பிழைகளை லேசான சோதனை பிடிக்காது.

ஜிசிசி 15 இல், ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்தால் லேசான சோதனை தானாகவே திறந்துகொள்ளும். 2025 இல் வந்த பதிப்பு அது. உபுண்டு 24.04 போன்ற அமைப்புகளில் இயல்பாக வருவது ஜிசிசி 13 என்பதால் அங்கே நாமேதான் கேட்டுப் போட வேண்டும்.

அறிகுறி: நிரல் 134 என்று சொல்லி நிற்கிறது, வேறு தகவலே இல்லை

நிரல் முடியும்போது விட்டுப்போகும் எண் இது. 134 என்றால் 128 கூட்டல் 6. ஆறாம் எண் சிக்னல், அதாவது அபார்ட். நிரல் தானாக நின்றிருக்கிறது, யாரோ வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறார்கள். 139 என்றால் அது செக்மென்டேஷன் ஃபால்ட். இயக்க அமைப்பு பிடித்து நிறுத்தியது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

134 வந்தும் செய்தி இல்லை என்றால் பெரும்பாலும் ஸ்டாண்டர்ட் எரர் எங்கோ தூக்கிப்போடப்படுகிறது. அசர்ஷன் தன் செய்தியை அங்கேதான் எழுதும். சர்வீஸாக ஓட்டும் ஸ்கிரிப்டில் இரண்டாம் எண் வெளியீட்டை, அதாவது ஸ்டாண்டர்ட் எரரை, எதையும் விழுங்கிவிடும் டெவ் நல்லுக்கு அனுப்பியிருக்கிறார்களா என்று பாருங்கள். எங்கள் ஸ்கிரிப்டில் அப்படித்தான் இருந்தது. 'லாக் ரொம்பப் பெரிதாகிறது' என்று யாரோ எப்போதோ செய்த வேலை.

செய்தி கிடைத்துவிட்டால் அதை ஒழுங்காகப் படியுங்கள், எல்லா அபார்ட்டும் அசர்ஷன் அல்ல. 'டெர்மினேட் கால்டு' என்று தொடங்கினால் பெரும்பாலும் யாரும் பிடிக்காத எக்ஸெப்ஷன். 'டபுள் ஃப்ரீ', 'மாலக்' என்றெல்லாம் வந்தால் நினைவகம் ஏற்கெனவே கெட்டுவிட்டது, லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி அதைத் தாமதமாகக் கண்டுபிடித்திருக்கிறது. இந்தக் கடைசி வகை வந்தால்தான் லேசான சோதனையைத் திறந்து மறுபடி ஓட்டுவதற்கு அதிக பலன். கெட்ட இடத்துக்குப் பதிலாகக் கெடுத்த இடத்தை அது காட்ட வாய்ப்பு அதிகம்.

அறிகுறி: செய்தி வருகிறது, ஆனால் நான் எழுதாத கோப்பைக் காட்டுகிறது

லைப்ரரியின் வெக்டர் ஹெடர் கோப்பு, ஆயிரத்துச் சொச்சம் வரி எண், பிறகு 'என் என்பது ஸைஸை விடச் சிறியது' என்ற நிபந்தனை தோற்றது என்று ஒரு செய்தி. கிருஷ்ணகிரியிலிருந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி இதைப் பார்த்ததும் ஓடி வந்தான்.

"அக்கா, லைப்ரரியிலேயே பக் இருக்கு. பாருங்க, அவங்க கோப்புல தான் விழுது."

"லைப்ரரி விழலப்பா. நீ கேட்ட எண்ணைப் பார்த்து, தர மாட்டேன்னு சொல்லுது. கேட்டது யாருன்னு பார்க்கலாம் வா."

பார்ப்பது எளிது. ஜிடிபி என்ற டீபக்கரில் ஓட்டுங்கள், நின்றதும் பேக்ட்ரேஸ், அதாவது யார் யாரை அழைத்தார்கள் என்ற பட்டியலை எடுங்கள். மேலே இருக்கும் முதல் சில வரிகள் அபார்ட், அசர்ட் ஃபெயில் என்று லைப்ரரி சமாச்சாரம். கீழே இறங்கிக்கொண்டே போங்கள். உங்கள் கோப்பின் பெயர் முதலில் எங்கே வருகிறதோ அந்த ஃப்ரேமுக்குப் போய் நில்லுங்கள். அங்கே லோக்கல் மாறிகளை அச்சிட்டால் எண் என்ன, ஸைஸ் என்ன என்று தெரிந்துவிடும். 'ஆப்டிமைஸ்டு அவுட்' என்று கைவிரித்தால் ஓ2 வுக்குப் பதிலாக ஓஜி, கூடவே மைனஸ் ஜி போட்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள்.

இந்த இடத்தில் பலர் செய்கிற காரியம் ஒன்று எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது. அந்த வரிக்கு மேலே 'எண் ஸைஸை விடச் சிறியதாக இருந்தால்' என்று ஒரு இஃப் போட்டு மூடிவிடுவார்கள். நிரல் விழாது. பயணி ஒருவர் பட்டியலில் இருக்க மாட்டார். அந்த எண் ஏன் பெரிதானது என்று ஒரு படி பின்னால் போய்ப் பார்க்காத வரை பிழை அங்கேயேதான் இருக்கிறது, கேள்வி கேட்ட குரலை மட்டும்தான் அடக்கியிருக்கிறோம்.

அறிகுறி: வெக்டரில் எழுதினேன், படிக்கும்போது காலியாக இருக்கிறது

ரிசர்வ், ரிசைஸ் இரண்டையும் குழப்பிக்கொண்டதுதான் காரணம். ரிசர்வ் 40 என்றால் நாற்பது பேருக்கு இடம் ஒதுக்கும், ஆள் யாரையும் உட்கார வைக்காது. ஸைஸ் இன்னும் 0. அதில் [ ] போட்டு எழுதினால் ஒதுக்கிய இடத்தில் எழுத்து விழும், திரும்ப [ ] போட்டுக் கேட்டால் சரியாகவே தரும். பட்டியலைச் சுற்றிவரும் ஃபார் லூப் மட்டும் ஒருவரையும் காட்டாது.

இது ஏன் பொல்லாதது என்றால், மற்ற கருவிகள் இதைப் பிடிப்பதில்லை. நினைவகப் பிழை தேடும் வால்கிரைண்ட் கருவியின் பார்வையில் அது முறையாக ஒதுக்கப்பட்ட நினைவகம், குற்றமில்லை. அதே வேலை செய்யும் அட்ரஸ் சானிடைசரும் லிப்எஸ்டிடிசி++ வெக்டரில் இதற்கென்று தனி மேக்ரோ போடாவிட்டால் பேசாமல் இருக்கும். லேசான சோதனையோ முதல் எழுத்திலேயே நிறுத்திவிடும், ஏனென்றால் அது பார்ப்பது ஸைஸை. கனமான கருவிகள் விட்டுவிட்டதை ஒரு ஒப்பீடு பிடித்துவிடுகிறது. நான் இந்தச் சோதனையை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

அறிகுறி: ஆளே இல்லாத வண்டிக்கு மட்டும் விழுகிறது

ஸைஸ் கழித்தல் 1 என்று எங்காவது எழுதியிருக்கிறீர்களா என்று தேடுங்கள். ஸைஸ் குறியில்லா எண். 0 இல் ஒன்றைக் கழித்தால் மைனஸ் ஒன்று வராது. 64 பிட் கணினியில் 18446744073709551615 வரும். லூப் அது வரைக்கும் ஓடப் பார்க்கும். 'எண் கூட்டல் 1, ஸைஸை விடச் சிறியது' என்று திருப்பி எழுதினால் தீர்ந்தது. பேக், ஃப்ரன்ட், பாப் பேக் மூன்றும் காலிப் பட்டியலில் இதே வம்பைத்தான் செய்யும். மூன்றையும் லேசான சோதனை பிடிக்கும்.

அறிகுறி: ஒருவரை நீக்கினால் சரி, அடுத்தடுத்து இருவரை நீக்கினால் ஒருவர் தங்கிவிடுகிறார்

இதை நாங்கள் கண்டுபிடித்த விதத்தைச் சொல்கிறேன். கணவனும் மனைவியும் சேர்ந்து டிக்கெட் எடுப்பார்கள், ரத்து செய்வதும் சேர்ந்தே. இருக்கை 11, 12. ரத்தான பிறகு பார்த்தால் 11 போயிருக்கும், 12 பட்டியலில் அப்படியே இருக்கும். தனி ஆளாக ரத்து செய்தவர்களுக்கு இந்தப் பிரச்சினையே வராது. நடத்துநர் அத்திப்பள்ளி தாண்டும் வரை வராத ஆளுக்காக போன் அடித்துக்கொண்டிருப்பார்.

காரணம், லூப்புக்குள் இரேஸ் அழைத்துவிட்டு அதே இட்டரேட்டரை ஒரு படி நகர்த்தியது. இரேஸ் செய்ததும் 12 ஆம் ஆள் 11 இன் இடத்துக்கு நகர்ந்து வந்துவிடுகிறார். நாம் அவரைத் தாண்டி அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறோம். நீக்கப்பட்டவர் கடைசி ஆளாக இருந்தால் இன்னும் மோசம், லூப் முடிவைத் தாண்டி ஓடும்.

விதிப்படி, இரேஸ் செய்த கணமே அந்த இட்டரேட்டர் செல்லாது. ஆனால் சாதாரண பில்டில் அது வெறும் முகவரி. செல்லும், செல்லாது என்று அதற்குத் தெரியாது. லேசான சோதனைக்கும் தெரியாது. முழுச் சோதனையில் ஓட்டினால், 'சிங்குலர் இட்டரேட்டரை நகர்த்த முயற்சி' என்ற செய்தியோடு நிற்கும். சிங்குலர் என்றால் எந்தக் கன்டெய்னருக்கும் சொந்தமில்லாதது. அது எந்த வகைக் கன்டெய்னரைச் சேர்ந்ததாக இருந்தது என்பதும் செய்தியின் கீழேயே இருக்கும், கீழே வரை படியுங்கள்.

தீர்வு, இரேஸ் திருப்பித் தரும் இட்டரேட்டரை வாங்கிக்கொள்வது. அப்படி வாங்கினால் அந்தச் சுற்றில் நகர்த்தக் கூடாது. சி++20 இருந்தால் இரேஸ் இஃப் என்ற ஃபங்ஷன் ஒரே வரியில் முடித்துவிடும். நான் இப்போதெல்லாம் அதைத்தான் எழுதச் சொல்கிறேன்.

அறிகுறி: பதினாறு பேர் வரை சரி, அதற்கு மேல் எப்போதாவது விழுகிறது

எங்கள் வெள்ளிக்கிழமைப் பிழை இதுதான்.

பயணிகளை ஏறும் இடத்தின் வரிசைப்படி அடுக்குவோம். கலாசிப்பாளையம் 1, சாந்திநகர் 2, மடிவாளா 3, சில்க் போர்டு 4 என்று போகும். அடுக்கித் தரும் சார்ட் ஃபங்ஷனுக்குக் கொடுத்த ஒப்பீட்டில் '<' என்று இருக்க வேண்டிய இடத்தில் '<=' என்று எழுதியிருந்தோம். படிக்கும்போது தப்பாகவே தெரியாது. 'சமமாக இருந்தாலும் பரவாயில்லை' என்று மனது நினைத்துக்கொள்ளும்.

சார்ட்டுக்கு அது பரவாயில்லை அல்ல. ஒரு பொருளை அதனோடேயே ஒப்பிட்டால் 'இல்லை' என்ற பதில் வர வேண்டும் என்பது அதன் நிபந்தனை. லிப்எஸ்டிடிசி++ இல் பதினாறு அல்லது அதற்குக் குறைவான பொருள்கள் இருந்தால் நேராக இன்செர்ஷன் முறையில் அடுக்கிவிடும்; அதில் '<=' தப்பித்துவிடும். பதினாறைத் தாண்டினால் ஒரு நடுப்பொருளை எடுத்து இரண்டாகப் பிரிக்கும். பிரிக்கும் லூப் வேகத்துக்காக எல்லையைப் பார்ப்பதில்லை, 'நடுப்பொருளை விடச் சிறியது' என்று பதில் வந்துகொண்டிருக்கும் வரை நகர்ந்துகொண்டே போகும். நடுப்பொருளே அங்கு இருப்பதால் எப்படியும் நிற்கும் என்பது அதன் நம்பிக்கை. '<=' அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிடுகிறது. நடுப்பொருளே பட்டியலின் பெரிய மதிப்பாக அமைந்துவிட்டால், எல்லோருக்கும் 'ஆம்' வரும், லூப் பட்டியலைத் தாண்டி அடுத்தவர் நினைவகத்துக்குள் போய்விடும்.

வார நாளில் ஒரு வண்டிக்கு பத்துப் பன்னிரண்டு பேர். வெள்ளிக்கிழமை முப்பத்தாறு பேர், அதில் பாதிக்கு மேல் ஒரே நிறுத்தத்தில் ஏறுகிறவர்கள். நிரல் ஏன் கிழமை பார்த்து விழுந்தது என்பது புரிந்த அன்று நான் நாற்காலியை விட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வந்தேன். இரண்டு வாரமாக ஓட்டுநர்களிடமும் நடத்துநர்களிடமும் நாங்கள் வாங்கிய பேச்சு எல்லாம் இந்த ஒரு குறிக்காக.

முழுச் சோதனையில் ஓட்டினால், ஒப்பீடு இந்த நிபந்தனையை மீறுகிறது என்று சார்ட் தொடங்கும்போதே நிறுத்தும். பத்து பேர் இருந்தாலும் நிறுத்தும், அதுதான் அருமை; கூட்டம் சேரும் வரை காத்திருக்க வேண்டாம். விண்டோஸில் விஷுவல் ஸ்டூடியோ டீபக் பில்டும் 'இன்வாலிட் கம்பேரேட்டர்' என்று பெட்டி காட்டும். ஒன்றைக் கவனியுங்கள்: லிப்எஸ்டிடிசி++ இதை முதல் பொருளை வைத்து மட்டும் கேட்டுப் பார்க்கிறது. '<=' மாதிரிப் பிழைக்கு அது போதும். பாதிப் பேருக்கு ஒரு விதி, மீதிப் பேருக்கு வேறு விதி என்று எழுதிய சிக்கலான ஒப்பீடுகளை அது பிடிக்கும் என்று நம்ப வேண்டாம். அவற்றுக்கு நீங்களே சோதனை எழுத வேண்டும்.

அடுக்காத பட்டியலில் லோயர் பவுண்ட் தேடுவதும் இதே குடும்பம்தான். முழுச் சோதனை பட்டியல் முழுவதையும் நடந்து பார்த்துச் சொல்லும். அதனால் தேடல் மெதுவாகும், பயப்பட வேண்டாம்.

அறிகுறி: முழுச் சோதனை போட்டதும் லிங்க் ஆகவில்லை, அல்லது லிங்க் ஆகி மதிப்புகள் தாறுமாறாக வருகின்றன

லிங்க் ஆகாமல் போவது நல்ல செய்தி. 'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்' செய்தியில் வெக்டருக்கு முன்னால் டீபக் என்ற பெயர் தெரிந்தால், ஒரு கோப்பு முழுச் சோதனையோடும் இன்னொன்று அது இல்லாமலும் கம்பைல் ஆகியிருக்கின்றன. விண்டோஸில் இதற்கு இணையானது எல்என்கே2038. இட்டரேட்டர் டீபக் லெவல் ஒரு பக்கம் 0, மறுபக்கம் 2 என்று அதுவே சொல்லிவிடும்.

லிங்க் ஆகிவிட்டால்தான் ஆபத்து. ஃபங்ஷன் வெக்டரை நேரடியாக வாங்கினால் பெயரில் வித்தியாசம் தெரியும். ஆனால் 'பயணம்' என்று ஒரு ஸ்ட்ரக்ட், அதற்குள் முதலில் இருக்கைகளின் வெக்டர், அடுத்து கட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபங்ஷன் வாங்குவது பயணத்தை. பெயரில் வெக்டரே வராது, லிங்கர் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடும். சாதாரண பில்டில் 64 பிட்டில் வெக்டர் 24 பைட், எனவே கட்டணம் 24 ஆம் பைட்டில். முழுச் சோதனையில் வெக்டர் அதைவிடப் பெரியது, கட்டணம் இன்னும் தள்ளிப் போய்விடுகிறது. ஒரு கோப்பு 850 ரூபாயை ஓரிடத்தில் எழுதும், இன்னொரு கோப்பு வேறிடத்தில் படிக்கும். இல்லாத பிழையைத் தேடி ஒரு நாள் போய்விடும்.

ஆகவே முழுச் சோதனைக்குத் தனி பில்டு ஃபோல்டர் வையுங்கள், எல்லாக் கோப்பையும் அதில் புதிதாக கம்பைல் செய்யுங்கள். ஏற்கெனவே பில்டாகி வந்த வெளி லைப்ரரிக்குள் வெக்டரை அனுப்புகிறீர்கள் என்றால், அதையும் சோர்ஸிலிருந்து சேர்த்துக் கட்ட வேண்டும். முடியாவிட்டால் லேசான சோதனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அறிகுறி: இரண்டு சோதனையும் போட்டாயிற்று, பிடிபடவில்லை

முழுச் சோதனை இட்டரேட்டர்களைத்தான் கணக்கு வைக்கும். ரெஃபரன்ஸையும் வெறும் பாயின்டரையும் அதனால் பின்தொடர முடியாது. முதல் பயணியை ரெஃபரன்ஸாகப் பிடித்துக்கொண்டு, புஷ் பேக் செய்து, பிறகு அந்த ரெஃபரன்ஸைத் தொட்டால், நடுவில் வெக்டர் வேறு இடத்துக்குக் குடிபோயிருக்கலாம். லிப்எஸ்டிடிசி++ இடம் போதாதபோது கொள்ளளவை இரட்டிப்பாக்கும்: 1, 2, 4, 8, 16. அதனால் சில எண்ணிக்கையில் மட்டும் பிழை தெரியும், மற்ற நேரம் தெரியாது. இதற்கு அட்ரஸ் சானிடைசர்தான் கருவி. விடுவித்த நினைவகத்தைத் தொட்டதாகச் சொல்லி, எங்கே விடுவித்தது என்பதையும் காட்டும். இரண்டையும் ஒரே பில்டில் சேர்த்துப் போடலாம், நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

அறிகுறி: டீபக்கில் ஓடுகிறது, ரிலீஸில் வேலையே நடப்பதில்லை

இது லைப்ரரியின் குற்றமல்ல, நாம் எழுதிய அசர்ட்டின் குற்றம். அசர்ட்டின் அடைப்புக்குறிக்குள் ஒரு வேலையை வைத்திருப்போம்: கோப்பைத் திற, வெற்றியா என்று பார். பில்டு கருவியான சிமேக்கின் ரிலீஸ் பில்டு என்டீபக் என்ற மேக்ரோவைத் தானாகச் சேர்க்கும். அது வந்ததும் அசர்ட் வரி முழுதாக மறைந்துவிடும், கோப்பைத் திறக்கும் வேலையும் சேர்ந்து மறையும். வேலையை வெளியே எடுத்து, விடையை மட்டும் அசர்ட்டில் வையுங்கள். லிப்எஸ்டிடிசி++ இன் சோதனைகளுக்கு என்டீபக்கோடு சம்பந்தமில்லை. அவை தம் மேக்ரோவை மட்டுமே பார்க்கும்.

அறிகுறி: மேக்ரோ போட்டும் ஒன்றும் நடக்கவில்லை

கோப்பின் நடுவில், இன்க்ளூட் வரிகளுக்குப் பிறகு டிஃபைன் செய்திருப்பீர்கள். அப்போது காரியம் முடிந்துவிட்டது. கட்டளை வரியில் கொடுங்கள், அல்லது சிமேக்கில் திட்டம் முழுவதற்கும் பொதுவாகச் சேருங்கள். கிளாங் கம்பைலரில் எல்எல்விஎம் திட்டத்தின் லைப்ரரியான லிப்சி++ பயன்படுத்தினால் இந்த மேக்ரோவே வேறு. எல்எல்விஎம் 18 முதல் அங்கே ஹார்டனிங் மோட் என்று உண்டு: நன், ஃபாஸ்ட், எக்ஸ்டென்சிவ், டீபக் என்று நான்கு படி.

நேரடி ஓட்டத்திலும் லேசான சோதனையை வைத்திருக்கலாமா என்று தம்பி கேட்டான். வைக்கலாம் என்பதுதான் என் பதில். ஃபெடோரா 2018 இல் வந்த 28 ஆம் பதிப்பிலிருந்து தன் தொகுப்புகளை இந்த மேக்ரோவோடுதான் கட்டுகிறது. கூகுள் தன் சர்வர்களில் லிப்சி++ இன் இதே மாதிரிச் சோதனைகளைத் திறந்து வைத்ததைப் பற்றி 2024 இல் எழுதியது: வேகத்தில் சராசரி இழப்பு 0.30 சதவீதம், வெளியே வந்த பிழைகள் ஆயிரத்துக்கும் மேல். இருக்கைப் பட்டியல் தவறாக அச்சாவதை விட நிரல் நிற்பதே மேல் என்று நாங்கள் முடிவு செய்தோம். நின்றால் ஐந்து விநாடியில் மறுபடி கிளப்பிவிடலாம், ஒரே இருக்கைக்கு இருவரை அனுப்பினால் நள்ளிரவில் ஒருவர் நின்றுகொண்டு போக வேண்டும்.

அறிகுறி: தமிழ்ப் பெயர் வந்தால் மட்டும், விண்டோஸ் டீபக் பில்டில் மட்டும் பெட்டி வருகிறது

பெட்டியில் 'சி என்பது மைனஸ் 1 முதல் 255 வரை இருக்க வேண்டும்' என்ற பொருளில் ஒரு நிபந்தனை தெரியும். இது சி லைப்ரரியின் அசர்ஷன். இஸ்ஆல்ஃபா, இஸ்ஸ்பேஸ், டுஅப்பர் போன்ற ஃபங்ஷன்கள் குறியில்லா எழுத்து மதிப்பையோ கோப்பு முடிவுக் குறியையோ மட்டும்தான் வாங்கும். நாம் கொடுப்பது 'சார்' என்ற எழுத்து வகை. பிசிகளில் சார் குறியுள்ளது, மைனஸ் 128 முதல் 127 வரை.

'அம்மா' என்பதை யூடிஎஃப்-8 இல் எழுதினால் ஐந்து குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், மொத்தம் 15 பைட். முதல் எழுத்து 'அ' வின் மூன்று பைட்டுகளைக் குறியுள்ள சாராகப் படித்தால் மைனஸ் 32, மைனஸ் 82, மைனஸ் 123. மூன்றும் எல்லைக்கு வெளியே. ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் 127 க்குள் அடங்கிவிடுவதால் இந்தப் பிழையைத் தொடுவதே இல்லை. லினக்ஸில் ஜிலிப்சி எதிர்ம எண்களையும் தாங்கும் அட்டவணை வைத்திருப்பதால் விழாது, அதனால் அங்கே யாருக்கும் தெரிவதில்லை. லினக்ஸ் ஓடும் ஏஆர்எம் பலகைகளில் சார் குறியில்லாதது, அங்கும் தெரியாது. கவுன்ட்டரில் இருந்த விண்டோஸ் கணினியில்தான் வெளியே வந்தது.

ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் முன் அன்சைன்டு சாராக மாற்றினால் அசர்ஷன் நிற்கும். அது பாதி வேலைதான். மாற்றிய பிறகும் இஸ்ஆல்ஃபா ஒவ்வொரு பைட்டையும் தனித்தனியாகப் பார்த்து 'எழுத்து இல்லை' என்று சொல்லும்; எங்கள் நிரல் அதை நம்பிப் பெயரிலிருந்து எல்லாவற்றையும் களைந்துவிட்டு வெறும் இடைவெளியை அச்சடித்தது. தமிழ் எழுத்தா என்று உண்மையிலேயே தெரிய வேண்டுமானால் யூனிகோட் அறிந்த ஐசியு போன்ற லைப்ரரி வேண்டும். பெயரைச் சரிபார்க்கத் தேவையே இல்லை என்றால் அந்த அழைப்பை எடுத்துவிடுங்கள்; நாங்கள் எடுத்துவிட்டோம். சோதனைத் தரவில் இப்போது முதல் பயணியின் பெயர் தமிழில்தான் இருக்கிறது, பட்டியலில் பதினேழு பேர், பதினேழு பேரும் மடிவாளாவில் ஏறுகிறார்கள்.